பதினான்கு சட்டை, ஒரே கை

2011 ஜூலை 27 அன்று பொழுது விடிந்தபோது எட்வின் ஜாக்சன் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியின் பந்துவீச்சாளர். அன்றைக்கே அவரை டொரான்டோ புளூ ஜேஸ் வாங்கியது. டொரான்டோவுக்கு விமானம் ஏறும் வேலைகூட வைக்காமல், அதே நாளில் புளூ ஜேஸ் அவரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்குத் தள்ளிவிட்டது. ஒரே நாளில் மூன்று முதலாளிகள். எங்கே போக விருப்பம் என்று அவரை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று சட்டமும் இல்லை.

மூன்று மாதம் கழித்து கார்டினல்ஸ் உலகத் தொடரை வென்றது. ஜாக்சனுக்குச் சாம்பியன் மோதிரம் கிடைத்தது. அடுத்த வருடம் அவர் வாஷிங்டனில் பந்து வீசிக்கொண்டிருந்தார்.

அமெரிக்க பேஸ்பாலில் இப்படிப் பெட்டியும் கையுமாகவே காலம் தள்ளுகிறவர்களுக்கு 'ஜர்னிமேன்' என்று பெயர். அவர்களில் ஜாக்சனை மிஞ்ச ஆள் இல்லை. 2003 முதல் 2019 வரை 17 சீசன்களில் 14 அணிகளுக்கு ஆடியிருக்கிறார். உச்ச மட்டமான மேஜர் லீகில் இருப்பதே 30 அணிகள்தான். நம் ஐ.பி.எல்.லில் ஆரோன் ஃபின்ச் ஒன்பது அணிகளின் சட்டையைப் போட்டபோது நாம் சிரித்தோம். ஜாக்சனின் கணக்குக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

சிரிப்பதற்கு இதில் நிறைய இருக்கிறது, ஜாக்சனே சிரித்திருப்பார். ஆனால் அவருடைய புள்ளிவிவரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். 107 வெற்றி, 133 தோல்வி. பேஸ்பாலில் ஒவ்வொரு ஆட்டத்தின் வெற்றி தோல்வியும் யாராவது ஒரு பந்துவீச்சாளரின் பெயரில் எழுதப்படும். வெற்றியைவிடத் தோல்வி அதிகம் உள்ளவரைச் சாதாரண ஆட்டக்காரர் என்று தள்ளிவிடுவது ரசிகர்களின் வழக்கம். அவர்கள் கேட்க மறக்கிற கேள்வி ஒன்று உண்டு: 133 முறை தோற்கிற அளவுக்கு ஒருவர் கையில் பந்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தது யார், ஏன்? முந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் முதல் பந்தை வீசும் பொறுப்பு அவரிடம்தான் இருந்தது. கோடிகளில் சம்பளம் கொடுக்கிற கிளப்புகள் இரக்கப்பட்டு யாருக்கும் பந்தைத் தருவதில்லை.

பதில் அவருடைய வலது கையில் இருக்கிறது. மணிக்கு 150 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டுகிற வேகம், கூடவே கடைசி நொடியில் விலகி ஓடும் ஸ்லைடர். 2007 முதல் 2013 வரை ஏழு வருடமும், வருடத்துக்கு 30க்குக் குறையாமல் ஆட்டங்களைத் தொடங்கியிருக்கிறார். முழங்கையும் தோள்பட்டையும் பொசுக்கென்று போய்விடுகிற தொழிலில் அது பெரிய சொத்து. குறை என்னவென்றால், அந்தப் பந்து எங்கே போய் விழும் என்பது சில நாள் அவருக்கே தெரியாது. 'நாங்கள் வாங்கினால் இதைச் சரிபண்ணிவிடுவோம்' என்று ஒவ்வொரு கிளப்பும் நினைத்தது. பக்கத்தில் ரிங் ரோடு வரப்போகிறது என்று தரகர் சொன்னதை நம்பி மனை வாங்குகிறவர்கள் மாதிரி பதினான்கு கிளப்புகள் அந்தக் கையை வாங்கின. சில வருடம் ரோடு வரவும் செய்தது.

ஜாக்சன் பிறந்தது ஜெர்மனியின் நியூ-உல்ம் நகரில், 1983 செப்டம்பர் 9 அன்று. தகப்பனார் அமெரிக்க ராணுவத்தில் இருந்தார். வளர்ந்தது ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் ஊரில். ராணுவக் குடும்பத்துப் பிள்ளை, அதனால் ஊர் மாறுவது அவருக்குப் பழகிப்போயிருக்கும் என்று எழுதிவிட்டுப் போவது பத்திரிகைக்காரர்களுக்குச் சுலபம். எனக்கு அந்த விளக்கத்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. முகாம் மாறுகிற குடும்பம் சேர்ந்தே மாறுகிறது. ஆட்டக்காரன் மாறும்போது அவன் மட்டும் விமானம் ஏறுகிறான்; வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கார் எல்லாம் பழைய ஊரிலேயே நின்றுவிடுகின்றன.

2001இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அவரை ஆறாவது சுற்றில் தேர்வு செய்தது. பள்ளிக்கூடத்தில் அவர் பந்தும் வீசினார், பேட்டும் பிடித்தார். அந்தக் கையைப் பார்த்துவிட்டு டாட்ஜர்ஸ் அவரை முழுநேரப் பந்துவீச்சாளர் ஆக்கியது. இரண்டே வருடத்தில், தன்னுடைய 20ஆவது பிறந்தநாள் அன்று, ஃபீனிக்ஸ் நகரில் அரிசோனாவுக்கு எதிராக முதல் ஆட்டம். எதிரே பந்து வீசியவர் ரேண்டி ஜான்சன். ஆறடி பத்தங்குல உயரம், அந்தக் காலத்தில் பேட்டர்கள் பேரைக் கேட்டாலே நடுங்கிய இடதுகைக்காரர். ஜான்சனுக்கு மறுநாள் 40 வயது பிறக்கவிருந்தது. பிறந்தநாள் பையன் ஆறு இன்னிங்ஸ் வீசி ஒரே ஒரு ரன் கொடுத்தார். டாட்ஜர்ஸ் 4-1 என்று ஜெயித்தது. நாட்டின் சிறந்த இளம் பந்துவீச்சாளர்கள் பட்டியலில் அவர் பெயர் உச்சத்துக்குப் போனது.

அந்த உச்சம்தான் பிறகு அவரை விடாமல் துரத்தியது என்று நினைக்கிறேன். அடுத்த இரண்டு சீசன்களிலும் கட்டுப்பாடு கைவசப்படவில்லை. கீழ்ப்படியான மைனர் லீகுக்கும் மேஜர் லீகுக்குமாக ஏறி இறங்கினார். 2006 ஜனவரியில் டாட்ஜர்ஸ் அவரை டாம்பா பேக்கு அனுப்பியது. அப்போது டாம்பா லீகின் கடைசிப் பெஞ்சு. 2007இல் அவர் கணக்கு 5 வெற்றி, 15 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 5.76 ரன். வேறொரு அணியாக இருந்தால் அத்துடன் கதை முடிந்திருக்கும். டாம்பாவுக்கு வேறு ஆளும் இல்லை, இழக்க ஒன்றும் இல்லை. பந்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. மறுவருடம் அவர் 14 ஆட்டம் ஜெயித்தார். அதுவரை கேலிப்பொருளாக இருந்த அந்த அணி 2008இல் உலகத் தொடர் வரை போனது. தொடர் முடிந்த கையோடு, டிசம்பரில், டாம்பா அவரை டெட்ராய்ட் டைகர்ஸுக்குக் கொடுத்துவிட்டு மேட் ஜாய்ஸ் என்ற இளம் ஆட்டக்காரரை வாங்கிக்கொண்டது.

டெட்ராய்ட்டில் 2009 அவருடைய வாழ்க்கையிலேயே நல்ல சீசன். சராசரி 3.62, ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வு. அதற்குப் பரிசு, அந்த டிசம்பரில் இன்னொரு பயணம்.

இந்த 'டிரேடு' சமாசாரத்தை கிரிக்கெட் ரசிகர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். பேஸ்பாலில் விற்கப்படுவது ஆட்டக்காரரின் ஒப்பந்தம். சம்பளம், மீதி வருடங்கள் எல்லாம் அப்படியே இருக்கும். சம்பளம் கொடுக்கிற கை மட்டும் மாறும். சீசன் நடுவிலேயே, பெரும்பாலும் ஜூலைக் கடைசி வரை, இது எந்த நாளும் நடக்கலாம். கோப்பைக்கு ஓடுகிற அணி இன்றைக்கே உதவக்கூடிய ஆளை வாங்கும். தோற்றுப்போன அணி அவரைக் கொடுத்துவிட்டு மைனர் லீகில் இருக்கும் 20 வயதுப் பையன்களை வாங்கிக்கொள்ளும்.

இதன் வேடிக்கையை ஜோயல் யங்பிளட் அளவுக்கு யாரும் அனுபவித்ததில்லை. 1982 ஆகஸ்ட் 4, பகல் ஆட்டம், சிகாகோ. நியூயார்க் மெட்ஸ் அணிக்காக ஃபெர்குசன் ஜென்கின்ஸ் பந்தில் ஒரு ஹிட் (பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸை எட்டுவது) அடித்தார். ஆட்டத்தின் நடுவிலேயே அவரை வெளியே அழைத்து, உன்னை மான்ட்ரியல் எக்ஸ்போஸுக்கு மாற்றியாயிற்று என்றார்கள். புது அணி அன்று இரவு ஃபிலடெல்ஃபியாவில் ஆடுகிறது. கிளம்பிப் போனவர் கையுறையை மைதானத்திலேயே விட்டுவிட்டது நினைவு வந்து, திரும்பி ஓடி எடுத்துக்கொண்டு விமானம் பிடித்தார். இரவு ஆட்டத்தின் பிற்பகுதியில் களம் இறங்கி, ஸ்டீவ் கார்ல்ட்டன் பந்தில் ஹிட் அடித்தார். ஒரே நாள், இரண்டு ஊர், இரண்டு அணி, இரண்டு ஹிட். பந்து வீசிய இருவருமே பின்னால் பேஸ்பாலின் மிகப்பெரிய கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர்கள். யங்பிளட்டை இன்றைக்கு நினைவில் வைத்திருப்பவர்கள் அந்த ஒரு நாளுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

போக மாட்டேன் என்று சொன்னவரும் உண்டு. செயின்ட் லூயிஸின் கர்ட் ஃபிளட், 1969இல் தன்னை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியபோது மறுத்தார். அந்தக் காலத்தில் ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரர் அதே கிளப்புக்குத்தான் சொந்தம், ஆயுள் முழுக்க. ஃபிளட் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு 1972இல் 5-3 என்று அவருக்கு எதிராக முடிந்தது. அவருடைய ஆட்ட வாழ்க்கையும் அத்துடன் போயிற்று. மூன்று வருடம் கழித்து, வேறு இருவர் தொடுத்த வழக்கில் நடுவர் பீட்டர் சைட்ஸ் ஆட்டக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். ஆறு வருட சர்வீஸ் முடித்தவர் விரும்பிய அணிக்குப் போகலாம் என்ற இன்றைய ஏற்பாடு அதற்குப் பிறகு வந்தது.

ஃபிளட்டின் போராட்டத்தை ஒட்டி இன்னொரு உரிமையும் வந்தது. மொத்தம் பத்து வருடம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே அணியில் இருந்தவரை அவர் சம்மதம் இல்லாமல் டிரேடு பண்ண முடியாது. ஜாக்சன் பத்து வருடத்தை எப்போதோ தாண்டினார். ஐந்து வருடம் ஒரே இடத்தில் அவரை யாரும் வைத்திருந்தால்தானே. ஊர் மாறாதவனுக்கு மட்டும் கிடைக்கிற பாதுகாப்பு, ஊர் மாறியே தேய்கிறவனுக்கு எட்டாது. இப்படி ஒரு விதியை எழுதியவர்கள் அதில் இருக்கிற வேடிக்கையைக் கவனித்தார்களோ என்னவோ.

2009 டிசம்பரில் நடந்தது மூன்று அணிகள் கலந்த பெரிய பேரம். ஜாக்சன் அரிசோனா டைமண்ட்பேக்ஸுக்குப் போனார். அரிசோனா கொடுத்தவர்களில் ஒருவர் டெட்ராய்ட்டுக்குப் போன 25 வயதுப் பந்துவீச்சாளர், மேக்ஸ் ஷெர்சர். அவரை விட்டுக்கொடுத்தது எவ்வளவு பெரிய தப்பு என்று அரிசோனா ரசிகர்கள் இன்றுவரை புலம்புகிறார்கள். ஷெர்சர் பின்னால் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை மூன்று முறை வாங்கினார்.

ஜாக்சன் பெயர் சொன்னதும் எல்லாரும் பேசுகிற ஆட்டம் அந்த அரிசோனா நாட்களில் நடந்தது. 2010 ஜூன் 25. எதிரணி அவருடைய பழைய டாம்பா பே, இடம் அவர்களுடைய மைதானம், டிராபிகானா ஃபீல்ட்.

பேஸ்பாலில் 'நோ-ஹிட்டர்' என்றால் எதிரணிக்கு ஒன்பது இன்னிங்ஸிலும் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முடிப்பது. வழக்கமாக அப்படி ஆட்டம் என்றால் பந்துவீச்சாளர் அன்று தெய்வமாகவே தெரிவார். பேட்டர்கள் வந்த வேகத்தில் திரும்பிப் போவார்கள். ஜாக்சனின் ஆட்டம் அந்த ரகமே இல்லை. பேட்டர் அடிக்க முடியாத இடத்தில் நான்கு பந்து போட்டால் அவர் சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போய்விடலாம். ஜாக்சன் முதல் மூன்று இன்னிங்ஸில் மட்டும் ஏழு பேரை இப்படி நடக்கவிட்டார். மூன்றாவது இன்னிங்ஸில் ஒருவரும் அவுட் ஆகாத நிலையில் மூன்று பேஸ்களும் நிறைந்து நின்றன. அதுவரை அரிசோனா எடுத்திருந்தது ஒரே ரன், இரண்டாவது இன்னிங்ஸில் ஆடம் லாரோஷ் அடித்த ஹோம் ரன். அந்த நேரத்தில் ஜாக்சனை மாற்றியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

மாற்றவில்லை. அந்த மூன்று பேரில் ஒருவராலும் ரன் எடுக்க முடியவில்லை. அதற்கப்புறம் என்னமோ சரியாகிவிட்டது. பந்து எண்ணிக்கை நூறைத் தாண்டியது. இந்தக் காலத்தில் நூறு பந்துக்கு மேல் ஒருவரை வீசவிட்டால் மேனேஜருக்கு வயிற்றைக் கலக்கும். கை போய்விடுமோ என்ற பயம். மேனேஜர் ஏ.ஜே. ஹின்ச்சுக்கு வயது 36தான். ஜாக்சன் வெளியே வரச் சம்மதிக்கவில்லை. 149ஆவது பந்தை ஜேசன் பார்ட்லெட் ஷார்ட்ஸ்டாப் பக்கம் தரையோடு தட்டினார், அவுட். ஸ்கோர் 1-0. ஹிட் பூஜ்யம். நடக்கவிட்டது எட்டு பேர்.

அழகான ஆட்டம் என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மனிதனின் பதினேழு வருடத்தை ஒரே ஆட்டத்தில் பார்க்க வேண்டும் என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். அவரைத் தொடர்ந்து வாங்க வைத்தது, தொடர்ந்து விற்க வைத்தது இரண்டுமே அன்று களத்தில் இருந்தன.

பிறகு நடந்தது இன்னும் சுவாரசியம். அந்த ஆட்டம் முடிந்து ஆறாவது நாள், ஜூலை 1 அன்று, அரிசோனா தன் மேனேஜர் ஹின்ச்சையும் ஜெனரல் மேனேஜரையும் ஒன்றாக வீட்டுக்கு அனுப்பியது. ஜூலை 30 அன்று ஜாக்சனையும் ஒயிட் சாக்ஸுக்குக் கொடுத்துவிட்டது. சரித்திர சாதனை படைத்து முழுதாக ஐந்து வாரம் ஆகியிருந்தது. பதிலுக்கு வந்தவர்களில் ஒருவர் டேனியல் ஹட்சன் என்ற இளம் பந்துவீச்சாளர்.

இந்த ஹட்சன் பெயரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

2011 கார்டினல்ஸ் கதைக்கு வருவோம். ஆகஸ்ட் கடைசியில் அந்த அணி பிளே-ஆஃப் இடத்துக்குப் பத்து ஆட்டத்துக்கும் மேல் பின்தங்கி இருந்தது. யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. சீசனின் கடைசி நாளில் உள்ளே நுழைந்தது. முதல் சுற்றில் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக, தோற்றால் வெளியே என்ற நான்காவது ஆட்டத்தைத் தொடங்கியவர் ஜாக்சன். ஆரம்பத்திலேயே இரண்டு ரன் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் ஆறு இன்னிங்ஸ் வரை மேற்கொண்டு ஒன்றும் கொடுக்காமல் வீசி ஜெயித்துக் கொடுத்தார். மைதானத்துக்குள் ஒரு அணில் ஓடிய ஆட்டம் அது; அந்த அணிலுக்கு ரசிகர்கள் மத்தியில் கிடைத்த புகழ் ஜாக்சனுக்குக் கிடைக்கவில்லை.

உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்தையும் அவர்தான் தொடங்கினார். அன்று ஏழு பேரை நடக்கவிட்டார். டெக்சாஸ் 4-0 என்று ஜெயித்தது. ஆறாவது ஆட்டத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். தோல்வியின் விளிம்பிலிருந்து கார்டினல்ஸ் இரண்டு முறை மீண்ட இரவு. அந்த ஆட்டத்தின் ஸ்கோர் தாளில் ஜாக்சன் பெயர் ஓர் ஓரத்தில் இருக்கிறது. பத்தாவது இன்னிங்ஸில் பேட் பிடிக்க ஆள் தீர்ந்துபோனதால் மேனேஜர் டோனி லா ரூசா அவரை மாற்று பேட்டராக அறிவித்தார். பிறகு மனம் மாறி, பந்து தட்டத் தெரிந்த இன்னொரு பந்துவீச்சாளரான கைல் லோஷை அவருக்குப் பதில் இறக்கினார். மாற்று ஆளுக்கு மாற்று ஆள். பந்து வீசாமல், பேட் வீசாமல், ஆட்டத்தில் இருந்ததாகப் பதிவு.

மோதிரத்தோடு வாஷிங்டன் நேஷனல்ஸில் ஒரு வருடம். பிறகு சிகாகோ கப்ஸ் 4 வருடத்துக்கு 5.2 கோடி டாலர் என்று ஒப்பந்தம் நீட்டியது. வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரே ஊரில் வீடு வாங்கலாம் என்கிற அளவுக்கு நீளமான ஒப்பந்தம். நடந்தது நேர்மாறு. 2013இல் 8 வெற்றி, 18 தோல்வி; மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகிலேயே அதிகத் தோல்வி. 2014இல் சராசரி 6.33. கப்ஸின் ரிக்லி மைதானத்தில் சொந்த ரசிகர்களே ஊளையிட்டார்கள். 2015 ஜூலையில் கப்ஸ் அவரை விடுவித்தது, மீதிச் சம்பளத்தைக் கொடுத்துவிடுகிறோம், போய்விடு என்ற மாதிரி. அந்த ஒப்பந்தத்தின் கடைசி வருடம் 2016. 1908க்குப் பிறகு கப்ஸ் முதல்முறையாகச் சாம்பியன் ஆனதும் அதே 2016இல்தான். ஜாக்சன் அந்த வருடம் மயாமியிலும் சான் டியாகோவிலும் இருந்தார்.

அதற்கடுத்த காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவரும் அதைச் சுருக்கமாகவே நினைக்க விரும்புவார். அட்லாண்டா, மயாமி, சான் டியாகோ, பால்டிமோர், மறுபடி வாஷிங்டன். ஒவ்வொரு இடத்திலும் சில வாரம், சில மாதம். அணியின் 40 பேர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டால், சில நாளுக்குள் யாராவது கேட்டால் அங்கே, இல்லாவிட்டால் மைனர் லீக் அல்லது வீடு.

மேஜருக்கும் மைனருக்கும் நடுவில் இருக்கிற பள்ளம் எவ்வளவு என்று பார்க்க வேண்டுமானால் 2023ஆம் ஆண்டின் கணக்கு போதும். மேஜர் லீகில் குறைந்தபட்ச சம்பளம் 7,20,000 டாலர். அதற்கு ஒரே படி கீழே இருக்கும் டிரிபிள்-ஏ லீகில் 35,800 டாலர். மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்கு சங்க ஒப்பந்தம் என்று ஒன்று வந்ததே அந்த வருடம்தான். அதற்கு முன்னால் நிலைமை இன்னும் மோசம். உலகத் தொடர் மோதிரம் உள்ள ஒருவர், 34 வயதில், 2018 வசந்தத்தில் சிரக்யூஸ் ஊரில் அந்தக் கீழ்ப்படியில் ஆடிக்கொண்டிருந்தார். பணத்துக்காக இருக்க முடியாது. கப்ஸ் கொடுத்ததே ஏழு தலைமுறைக்குப் போதும்.

ஜூன் மாதம் ஓக்லாண்ட் அத்லெட்டிக்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. அங்கே பந்துவீச்சாளர்கள் வரிசையாகக் காயம்பட்டுப் படுத்திருந்தார்கள். வந்தவர் 17 ஆட்டங்களைத் தொடங்கி 6 வெற்றி, 3 தோல்வி, சராசரி 3.33 என்று வீசினார். சம்பளத்தில் லீகின் அடிமட்டத்தில் இருந்த அந்த அணி 97 ஆட்டம் ஜெயித்து பிளே-ஆஃபுக்குப் போனது. முதல் ஆட்டத்தில் ரேண்டி ஜான்சனை வீழ்த்திய பையனைப் பதினைந்து வருடம் கழித்து எல்லாரும் மறந்திருந்தார்கள். என்னைக் கேட்டால், நோ-ஹிட்டரைவிட இந்த அரை சீசன்தான் பெரிது. வேகம் குறைந்த பிறகு, தனக்கு வராது என்று எல்லாரும் சொன்ன கட்டுப்பாட்டை வைத்து அவர் பிழைத்தது இங்கேதான்.

ஓக்லாண்ட் அவருடைய 13ஆவது அணி. அதுவரை அந்த எண்ணிக்கைச் சாதனை டொமினிகன் குடியரசைச் சேர்ந்த ஆக்டேவியோ டோடெல் பெயரில் இருந்தது. 2011 ஜூலை 27 அன்று டொரான்டோவிலிருந்து செயின்ட் லூயிஸுக்கு ஒரே பேரத்தில் போனவர்களில் ஜாக்சனோடு டோடெலும் இருந்தார். அவருக்கும் அதே கோப்பை, அதே மோதிரம். 2003இல் ஹூஸ்டனின் ஆறு பந்துவீச்சாளர்கள் சேர்ந்து நியூயார்க் யாங்கீஸுக்கு எதிராக நோ-ஹிட்டர் எடுத்தபோது அந்த ஆறு பேரில் ஒருவராக, ஒரே இன்னிங்ஸில் நான்கு பேரை ஸ்டிரைக்-அவுட் ஆக்கியவர். 2025 ஏப்ரலில் சான்டோ டொமிங்கோவில் ஒரு இரவு விடுதியின் கூரை இடிந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டோடெல் அவர்களில் ஒருவர். அவருக்கு 51 வயது.

2019 மே மாதம் ஓக்லாண்ட், ஜாக்சனை டொரான்டோவுக்கு விற்றது. இந்த முறை பதிலுக்கு ஆட்டக்காரர் யாரும் இல்லை, பணம் மட்டும். மே 15 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் முதல்முறையாக புளூ ஜேஸ் சட்டை அணிந்து வீசியபோது 14ஆவது அணி ஆயிற்று. சாதனை அவர் பெயருக்கு மாறியது. ஆட்டம் ஒன்றும் சரியாக அமையவில்லை. டொரான்டோவில் அவருடைய சராசரி 11.12. ஜூலையில் விட்டுவிட்டார்கள். டெட்ராய்ட் மறுபடி கூப்பிட்டது. அந்த வருடம் 114 ஆட்டம் தோற்ற டெட்ராய்ட். செப்டம்பரோடு அவருடைய மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது.

ஒரு மாதம் கழித்து, 2019 அக்டோபர் 30, ஹூஸ்டன். உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். வாஷிங்டன் நேஷனல்ஸுக்காக ஆட்டத்தைத் தொடங்கியவர் மேக்ஸ் ஷெர்சர். கடைசி பேட்டரை ஸ்டிரைக்-அவுட் ஆக்கிக் கோப்பையை முடித்து வைத்தவர் டேனியல் ஹட்சன். அரிசோனா ஜாக்சனை வாங்கிய பேரத்தில் வெளியே போனவர் முதலாமவர். ஜாக்சனை விற்ற பேரத்தில் உள்ளே வந்தவர் இரண்டாமவர். ஜாக்சனும் நேஷனல்ஸுக்கு இரண்டு முறை ஆடியவர்தான். பேரம் பேசுகிறவர்கள் யாராலும் இப்படி ஒரு முடிச்சைத் திட்டமிட்டுப் போட முடியாது.

ஏழு முறை கைமாற்றப்பட்ட ஒரு மனிதனின் மதிப்பை எப்படி அளப்பது? அவரைக் கொடுத்துவிட்டு யார் யாரை வாங்கினார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் கொடுத்தவர்கள்தான் லாபம் பார்த்தார்கள் என்று தோன்றும். ஜாய்ஸ் ஆல்-ஸ்டார் ஆனார். ஹட்சன் சாம்பியன் ஆனார். ஆனால் அதே கணக்கின் மறுபக்கத்தில் 2008 டாம்பா, 2011 செயின்ட் லூயிஸ், 2018 ஓக்லாண்ட் இருக்கின்றன. ஜெயிக்கும் என்று யாரும் எதிர்பார்க்காத மூன்று அணிகள். மூன்றிலும் ஐந்து நாளுக்கு ஒருமுறை, காயம் என்று சாக்குச் சொல்லாமல், பந்தைக் கேட்டு வாங்கி வீசிய ஆள் இவர். நட்சத்திரங்களை வைத்து மட்டும் 162 ஆட்டம் கொண்ட சீசனை ஓட்ட முடியாது. செவ்வாய்க்கிழமை இரவு, பாதி காலியான மைதானத்தில், 6 இன்னிங்ஸ் வீசி 3 ரன் கொடுக்க ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் எப்போதும் தட்டுப்பாடு. அதனால்தான் போன் வந்துகொண்டே இருந்தது.

2020இல் அரிசோனாவோடு ஒரு மைனர் லீக் ஒப்பந்தம்; கொரோனா அந்த வருடத்தையே விழுங்கியது. அந்த வருடம் கறுப்பின ஆட்டக்காரர்கள் சேர்ந்து 'பிளேயர்ஸ் அலையன்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கியபோது முன்னின்றவர்களில் ஜாக்சனும் ஒருவர். 2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸில் பேஸ்பால் திரும்ப வந்தது. நடப்பு மேஜர் லீக் ஆட்டக்காரர்களுக்கு அங்கே போக அனுமதி இல்லை. அதனால் அமெரிக்க அணி மைனர் லீக் பையன்களையும் பழைய ஆட்களையும் சேர்த்துக் கட்டப்பட்டது. 37 வயது ஜாக்சன் அதில் இருந்தார். 2008 டாம்பாவில் அவரோடு வீசிய ஸ்காட் காஸ்மிரும் இருந்தார். இறுதி ஆட்டத்தில் ஜப்பான் 2-0 என்று ஜெயித்தது, அமெரிக்காவுக்கு வெள்ளி. அடுத்த மாதம் ஜாக்சன் ஓய்வு அறிவித்தார்.

அவர் ஓய்வு பெற்ற நான்கு வருடத்தில் சாதனைக்குப் பங்காளி வந்துவிட்டார். இடதுகைக்காரர் ரிச் ஹில். 2005இல் சிகாகோ கப்ஸில் தொடங்கி, தோள்பட்டை, முழங்கை என்று அறுவைசிகிச்சைகளைத் தாண்டி, 2015இல் மேஜர் லீகே வேண்டாம் என்று கைவிட்ட நிலையில் லாங் ஐலண்ட் டக்ஸ் என்ற சுயேச்சை அணிக்கு வீசிக்கொண்டிருந்தவர். அங்கிருந்து மேலே ஏறி, அடுத்த வருடக் கடைசியில் டாட்ஜர்ஸோடு 4.8 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். 2017இல் பிட்ஸ்பர்க்கில் ஒன்பது இன்னிங்ஸ் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் வீசியும், தன் அணி ரன் எடுக்காததால் ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸுக்குப் போய், அங்கே ஒரு ஹோம் ரன்னில் தோற்றார். ஜாக்சனுக்கு லாரோஷ் அடித்துக் கொடுத்த அந்த ஒரு ரன் இவருக்குக் கிடைக்கவில்லை.

2025 ஜூலை 22 அன்று ஹில் தன்னுடைய 14ஆவது அணியான கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் சட்டையில் வீசினார். வயது 45. இடம் ரிக்லி மைதானம், எதிரணி அவர் தொடங்கிய அதே கப்ஸ். ஐந்து இன்னிங்ஸ் தாக்குப்பிடித்தார். அடுத்த வாரம் இன்னொரு ஆட்டம். அதற்கப்புறம் ராயல்ஸ் அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2025 சீசன் முடிந்தபோது சாதனை இருவர் பெயரிலும் இருந்தது, பதினான்கு, பதினான்கு.